இன்னொருத்தர் வகுப்பில் நாற்பது நிமிடம்

விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குள் நுழைவது எப்படி என்று பி.எட். படிக்கும்போது யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. கற்பித்தல் பயிற்சிக்குப் போனபோதும் வகுப்பாசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவருக்குப் பயந்து நமக்கு அடங்குவார்கள். அவர் ஊரிலேயே இல்லாத வகுப்பு முற்றிலும் வேறு.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, தனியார் மெட்ரிக் பள்ளி என்று மாறி மாறி இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். இடத்துக்கு இடம் பெயர்தான் மாறும். ஓரிடத்தில் ‘லீவ் வேகன்சி’, பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுக்கும் இடத்தில் ‘பி.டி.ஏ. டீச்சர்’. மெட்ரிக் பள்ளியில் பெயரே கிடையாது, காலையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வரும்: மூன்றாவது பீரியட் 7 பி, ஆறாவது பீரியட் 4 ஏ. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு ஆனது. அவசியமான ஒன்று, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நிரந்தர ஆசிரியர் வராத அந்த ஓராண்டு, வகுப்பின் ஒரு முழுக் கல்வியாண்டு. அதை ஓட்ட ஒரு தற்காலிக ஆள் வேண்டும். 2022-ல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று அறிவித்தார்கள். பிறகு தொகை கூடியது. அந்தச் சம்பளத்துக்கு மனத்தில் இருப்பதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். கணக்கு டீச்சர் லீவு போட்டாலும் அறிவியல் சார் தேர்தல் வேலைக்குப் போனாலும் நான்தான் போக வேண்டும். போகிற என் கையில் மார்க் இல்லை, ரேங்க் அட்டை இல்லை, எந்த அப்பா அம்மாவையும் எனக்குத் தெரியாது, நாளைக்கு வருவேனா என்பதும் நிச்சயமில்லை. பிள்ளைகளுக்கு இது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். “நாளைக்கு நோட்டு கொண்டாரல, அப்பம் இருக்கு உனக்கு” என்று வகுப்பாசிரியர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. நான் சொன்னால் பின் பெஞ்சில் சிரிப்பு வரும். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பதிலுக்குப் போகிறவர் எதைக் கொண்டுபோனாலும் அது அந்த பீரியடுக்குள் தொடங்கி அந்த பீரியடுக்குள் முடிய வேண்டும். செய்தது சரியா தப்பா என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சத்தத்தைப் பற்றிப் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்குள் போனதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது வழக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் இது வினை. முத்துக்குமார் என்றால் சுடலைமணி “உள்ளேன் டீச்சர்” என்பான், சுடலைமணி என்றால் இன்னொருத்தன் எழுவான். வகுப்பே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் நான் பெயர் கூப்பிடுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெஞ்சு பெஞ்சாகக் கட்டம் போட்டு முதல் பெஞ்சில் கொடுத்துவிடுவேன். அவரவர் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில் அவரவர் பெயரை எழுதிப் பின்னால் தள்ள வேண்டும். தாள் திரும்பி வரும்போது வகுப்பின் வரைபடம் என் மேசைமேல் இருக்கும். பெயரை மாற்றி எழுதுகிறவர்களும் உண்டுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவன் கண் முன்னால் கையெழுத்தாகப் பொய் எழுத, வாயால் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும். அதற்கப்புறம் “ஏய், நீலச் சட்டை” என்று யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலாவது பெஞ்சிலிருந்து ஒரு முகம் திடுக்கிட்டு நிமிரும் பாருங்கள், அதற்கே அந்தத் தாள் போதும்.

அடுத்தது, அந்த வகுப்பு ஏற்கனவே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது. தண்ணீர் குடிக்க எப்போது விடுவார்கள், ஒன்றுக்குப் போக ஒருவர் ஒருவராகவா இரண்டு பேராகவா, கரும்பலகையில் தேதி எழுதுவது யார், நோட்டு வாங்கி வைப்பது யார். இதை லீடரிடம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. லீடர் தனக்கு வசதியான சட்டத்தைச் சொல்லுவான். இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டால் உள்ளது உள்ளபடி வரும். அந்த வழக்கத்தை நான் மாற்றுவதில்லை, எனக்குப் பிடிக்காவிட்டாலும். ஓடுகிற பஸ்ஸில் நடுவழியில் ஏறியவர் டிரைவரின் கையைப் பிடித்து இழுக்க முடியாதில்லையா. “எங்க டீச்சர் இப்படிச் செய்ய மாட்டாவ” என்ற வாக்கியம் வகுப்பில் எத்தனை தடவை வருகிறது என்பதுதான் அன்றைய அளவுகோல்.

லீடர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதி வைக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப் போயிருக்கிறது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. நான் உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் படிக்காமல் அழித்துவிடுவேன். யாருக்கும் யார்மேலும் கோபம் இருக்கலாம், லீடருக்கும் இருக்கலாம். அந்தப் பட்டியலில் எப்போதும் அதே நாலைந்து பெயர்கள்தான். ஒருநாள் பேசாமல் இருந்தாலும் பெயர் ஏறும் என்று தெரிந்த பிள்ளை எதற்குப் பேசாமல் இருக்க வேண்டும்? பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது அடுத்த கேள்வி. இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. நிரந்தர ஆசிரியராக இருந்தாலும் தற்காலிகமாக இருந்தாலும் அது பொருந்தும். முட்டி போடச் சொல்வதும் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவதும் ‘அடிக்கலையே’ என்ற கணக்கில் தப்பிக்காது.

சத்தத்தை அடக்க நான் சத்தம் போடுவதில்லை. எட்டு பீரியட் கத்தினால் மாலையில் தொண்டையில் மிளகுக் கஷாயம்தான் இறங்கும். சின்ன வகுப்புகளில் எனக்குக் கைகொடுப்பது நா பிறழ் தொடர். “இது யாரு தச்ச சட்டை?” என்று நான் சாதாரணக் குரலில் கேட்பேன். வகுப்பு முழுவதும் “எங்க தாத்தா தச்ச சட்டை” என்று முடிக்க வேண்டும். முதல் தடவை பத்துப் பேர் சொல்வார்கள், இரண்டாவது தடவை நாற்பது பேரும். மூன்றாவது தடவை நான் வாயை மட்டும் அசைப்பேன், அவர்களும் சத்தமில்லாமல் வாயசைக்க வேண்டும். அந்த இடத்தில் கிடைக்கும் அமைதியில் அடுத்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். இரண்டு மூன்று நாளில் இது பழசாகும். அப்போது “ஓடுற நரியில ஒரு நரி கிழநரி” வரும், அதற்கு “கிழநரி முதுகுல ஒரு முடி நரைமுடி” என்று பதில். பெரிய வகுப்பில் இதைச் செய்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அங்கே கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடர்ந்தாலே போதும். முதுகுக்குப் பின்னால் ஆசிரியர் நிற்கும்போது பேச்சு தானாகத் தேயும்.

மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்புகளில் சத்தத்தைவிடத் தொல்லை புகார்தான். “டீச்சர், இவன் என்னைக் கிள்ளுதான்”, “டீச்சர், அவ என் ரப்பரை எடுத்துட்டா”, “டீச்சர், இவன் எங்கம்மா பேரைச் சொல்லுதான்”. ஒன்றை விசாரித்து முடிப்பதற்குள் நாலு வரும். பதில் ஆசிரியருக்கு முன்கதையும் தெரியாது. நான் மேசைமேல் ஒரு பழைய நோட்டை வைத்து ‘புகார் நோட்டு’ என்று எழுதிவிடுவேன். யார், யாரை, என்ன செய்தார் என்று முழு வாக்கியத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பள்ளி விடும் முன் படிப்பேன் என்று சொல்லிவிடுவேன். எழுத வேண்டும் என்றதும் கிள்ளல் புகார்களில் பெரும்பாலானவை அங்கேயே ஆவியாகும். மெனக்கெட்டு எழுதப்படுபவைதான் படிக்க வேண்டியவை. ஒரே பெயர் வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது விளையாட்டில்லை, தலைமையாசிரியரிடம் போக வேண்டிய விஷயம். இதில் கிடைத்த உபரி லாபம், வாக்கியம் எழுத வராது என்று ஒதுக்கி வைத்த பிள்ளைகள் கோபத்தில் மூன்று வரி பிழையில்லாமல் எழுதியதைப் பார்த்தது.

சரி, நாற்பது நிமிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது?

என் பையில் நிரந்தரமாக இருப்பது 6174. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்து, 1949-ல் மதராஸில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த எண் இது. நாலு இலக்க எண் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நாலும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி ஒரு எண், சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி இன்னொரு எண், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அதே போல அடுக்கிக் கழிக்க வேண்டும். ஒரு வகுப்பில் 1947 என்று சொன்னார்கள். 9741-லிருந்து 1479 போனால் 8262. அப்புறம் 8622-லிருந்து 2268 போக 6354. அதிலிருந்து 3087, அடுத்து 8352, கடைசியில் 6174. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து நிற்கும். விடையில் மூன்று இலக்கம்தான் வந்தால் முன்னால் சுழியம் போட்டு நாலாக்கிக்கொள்ள வேண்டும், இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மாயத்தைவிட, திருத்த வேண்டிய வேலை எனக்கு இல்லை என்பதுதான். ஏழு தடவைக்குமேல் போயும் 6174 வரவில்லையென்றால் எங்கோ கடன் வாங்கியதில் தப்பு. பிள்ளையே பின்னோக்கிப் போய்த் தேடும். பக்கத்தில் இருப்பவன் “பத்துலேந்து கழிச்சியா?” என்று கேட்பான். கழித்தல் கணக்கு பத்து கொடுத்தால் முகம் சுளிக்கும் வகுப்பு இதில் இருபது முப்பது கழித்தல் போட்டிருக்கும், தெரியாமலே. முதலில் முடித்தவர்களுக்கு மூன்று இலக்க எண்ணில் செய்து பார்க்கச் சொல்வேன், அங்கே 495 வரும். அதை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. இதைப் போட்டுக் காட்டியவர் நம்மைப் போல ஒரு வாத்தியார்தான் என்று கடைசியில் சொன்னால் வகுப்பு கொஞ்சம் சந்தேகமாக என்னைப் பார்க்கும்.

மாதக் காலண்டர் இன்னொன்று. வகுப்பில் எப்படியும் ஏதாவது ஒரு ஜவுளிக்கடை காலண்டர் தொங்கும். மூன்றுக்கு மூன்று சதுரமாக ஒன்பது தேதிகளைச் சுற்றி வட்டம் போடச் சொல்லிவிட்டு, நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் எனக்குச் சொல்லச் சொல்வேன். 17 என்றால், அவர்கள் கூட்டி முடிக்கும் முன் 153 என்று எழுதிவிடலாம். நடு எண்ணை ஒன்பதால் பெருக்கினால் போதும். எட்டாம் வகுப்பாக இருந்தால் ஏன் என்று கேட்டு விட்டுவிட வேண்டும். நடுவில் இருப்பதை க என்று வைத்தால் மேலே க−7, கீழே க+7, பக்கத்தில் க−1, க+1 என்று ஒரு பிள்ளையாவது பலகைக்கு வந்து எழுதும். இயற்கணிதம் எதற்கு என்ற கேள்விக்கு நான் கொடுத்த எந்த விளக்கத்தையும்விட இது மேல்.

கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பள்ளிகளில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். பலகையில் 1000-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னால் விழிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம், “கட்டுக்கு 25 பீடின்னா ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?” என்றால் நான் வாயை மூடும் முன் “நாப்பது” என்று வருகிறது. வகுத்தல் தெரிகிறது, வகுத்தல் குறிதான் தெரியவில்லை. அந்தக் கட்டுகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது வேறு கவலை, அதை ஒரு பீரியடில் தீர்க்க முடியாது. கணக்கை மட்டும் வாய்மொழியில் ஆரம்பித்து அப்புறம் பலகைக்குக் கொண்டுபோவேன். புது ஊருக்குப் போனால் அந்த ஊரில் எதை எண்ணுகிறார்கள், எதை எடை போடுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு விளையாட்டு எந்த வகுப்புக்கும் தெரியும், விதியை விளக்கி நேரம் போகாது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மதிப்பெண்ணை மட்டும் மாற்றிவிடுவேன். ஆறாம் வகுப்பில் ராஜாவுக்கு 1, ராணிக்கு ¾, மந்திரிக்கு ½, போலீஸுக்கு ¼, திருடனுக்கு 0. பத்துச் சுற்று முடிந்ததும் கூட்டிச் சொல்ல வேண்டும். பின்னக் கூட்டலில் யாராவது ஏமாற்றினால் மற்ற நாலு பேரும் விட மாட்டார்கள். ஆசிரியர் திருத்துவதைவிடக் கறாராகத் திருத்துவார்கள்.

தமிழ் பீரியடில் எல்லோரும் முதலில் எடுப்பது சொல் சங்கிலி. கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்று சாதாரணமாக ஆரம்பித்தால் மூன்றாவது சொல்லிலேயே அறுந்துவிடும். மலை என்றால் லை-யில் என்ன சொல்வது? பாடல் என்றால் ல்-லில்? தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் இத்தனை இருக்கும்போது விளையாட்டு ஓடாது. அதனால் விதியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். கடைசி எழுத்தில் சொல் தொடங்காதென்றால் அதைப் பிரித்து உயிரை எடுத்துக்கொள். மலையின் லை, ல் கூட்டல் ஐ, ஆக ஐந்து. து-வில் துணி. ணி-யில் இ, இலை. மெய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தின் உயிர்: பாடலுக்கு ட-விலிருந்து அ, அணில். ஆட்டம் சூடு பிடித்ததும் எதிரணிக்கு ஐ-யையே தள்ளிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் ஐயா, ஐப்பசி, ஐம்பது தீர்ந்ததும் திணறுவார்கள். நடுவில் ஒருத்தன் “ல-வில லாரி இருக்கே டீச்சர், ட-வில டம்ளர் இருக்கே” என்று எழுவான். எழ வேண்டும் என்றுதான் காத்திருப்பேன். மொழிமுதல் எழுத்துகள், உயிர்மெய்யைப் பிரிப்பது, பிறமொழிச் சொல் மூன்றும் அந்த ஒரு சண்டையில் அடங்கிவிடும்.

விடுகதையைப் பாடமாக எடுப்பதில்லை. உள்ளே போனதும் பலகையின் ஓரத்தில் ஒன்றை எழுதிவிட்டு அதைப் பற்றிப் பேசாமலே இருப்பேன். “அடி காட்டிலே, நடு மாட்டிலே, நுனி வீட்டிலே.” விடை தெரிந்தவர்கள் சொல்லக் கூடாது, தாளில் எழுதி மடித்து மேசையில் வைக்க வேண்டும், மணி அடித்ததும் பிரிப்பேன். வேலையை முதலில் முடிக்கும் பிள்ளைகள் அடுத்தவரைச் சீண்டாமல் இருக்க இது ஒரு கொக்கி. வயல் இருக்கும் ஊர்களில் நெற்பயிர் என்று குவியும்: தாள் வயலில், வைக்கோல் மாட்டுக்கு, நெல் வீட்டுக்கு. டவுன் பள்ளியில் ‘சாம்பார் சாதம்’ வரை விடை வந்திருக்கிறது.

படம் வரையச் சொல்வதைப் பற்றி. “எதையாவது வரைங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நாற்பது நோட்டிலும் ஒரே படம்தான் இருக்கும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஓலைக் குடிசை, ஒரு சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு காக்கை. ஓட்டு வீட்டிலும் மாடி வீட்டிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் குடிசையைத்தான் வரைகிறார்கள், மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஊரிலும் அந்த முக்கோண மலைகள்தான். “உன் வீட்டு வாசல்ல நின்னா நேரா என்ன தெரியுதோ அதை வரை” என்று ஒரு வரி மாற்றிச் சொன்னால் போதும். மின்கம்பம், அடிபம்பு, அடுத்த வீட்டு ஆடு, பாதி கட்டிய சுவர் எல்லாம் வந்து இறங்கும். முடிந்ததும் தெருத் தெருவாகச் சேர்ந்து உட்கார்ந்து படங்களை ஒட்டினால் ஊர் வரைபடம் ஆகிவிடும்.

சத்துணவுக்குப் பின் வரும் பீரியடில் உட்காரவைத்துச் செய்யும் எதுவும் தேறாது. கண் சொக்கும், சொக்காதவர்கள் சொக்குகிறவர்களைச் சீண்டுவார்கள். மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஐந்து வேறு வேறு இலை பொறுக்கச் சொல்வேன். நரம்பு வலைபோல ஓடுவது ஒரு குவியல், இணைகோடாக ஓடுவது ஒரு குவியல். வேம்பும் பூவரசும் இந்தப் பக்கம், புல்லும் வாழையும் அந்தப் பக்கம். பறிக்கக் கூடாது, விழுந்ததுதான் என்று சொல்லாவிட்டால் ஹெச்.எம். வளர்க்கும் செம்பருத்தி மொட்டையாகும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கிடைத்த பள்ளியென்றால் கொடிக்கம்ப நிழலை உச்சிப்பொழுதில் அளந்து சாக்பீஸால் குறித்து வைப்பது நல்ல வேலை. திருநெல்வேலிப் பக்கம் ஆகஸ்டு கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்றைக்குக் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதுவும் சரியாகப் பன்னிரண்டுக்கு வராது, 12.20 வாக்கில்தான் வரும். கடிகாரம் காட்டுவது இந்தியா முழுவதற்குமான பொது நேரம், சூரியனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஏப்ரலிலும் ஒரு தடவை இது நடக்கும், ஆனால் அப்போது தேர்வுப் பரபரப்பு.

இரண்டு ஆசிரியர் பள்ளி தனிக் கதை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அதில் ஒருவர் விடுப்பு என்றால் பதிலுக்கு வந்தவர் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில், சின்ன வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்த எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் வகுப்பாக மட்டுமில்லாமல், கற்றலில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியான நிலையாகவும் பிரிந்திருக்கிறார்கள். யார் எந்த நிலை என்று அறிந்துகொள்ளாமல் பொதுவாக ஏதாவது செய்தால் அரும்புப் பிள்ளைகள் நாள் முழுவதும் வாய் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மலர்ப் பிள்ளைகளைக் கொண்டு கதை வாசிக்க வைத்து, மொட்டுப் பிள்ளைகளை அதில் வரும் பெயர்களை எழுத வைத்து, அரும்புக் கூட்டத்தோடு மட்டும் தரையில் உட்கார்ந்துவிடுவேன். மூன்று பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கு பீரியட் கிடைத்தால் எனக்குக் கணக்கு தெரியும் என்று நடிக்க மாட்டேன். “நான் தமிழ் டீச்சர், எனக்குப் புரியும்படி இந்தத் தேற்றத்தைச் சொல்லுங்க, புரியலேன்னா நிறுத்துவேன்” என்று பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். நிஜமாகவே புரியாமல் கேட்கிற கேள்விகள் என்பதால், விளக்குகிற பிள்ளை குறுக்குவழியில் போக முடியாது. பல தேற்றங்கள் எனக்கு இந்த வயதில்தான் புரிந்தன.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலையை நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்குக் குறிப்பு எழுதுவேன். வகுப்பிலேயே, அவர்கள் முன்னாலேயே, சத்தமாகப் படித்துக்கொண்டே. விடுப்பு முடிந்து வரும் ஆசிரியருக்கு எத்தனை பக்கம் நடத்தினோம் என்பதைவிட இதுதான் உதவும் என்று இரண்டு மூன்று டீச்சர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேசியவர்கள் பெயர் அதில் இருக்காது. ஏழாம் வகுப்புக்கு எழுதிய ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது: “6174 கணக்கு செய்தார்கள். கடன் வாங்கிக் கழிப்பதில் சுழியம் வரும் இடத்தில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள், ஒருநாள் எடுக்க வேண்டும். மூன்றாவது வரிசை ஜன்னலோரப் பையனுக்குப் பலகை தெரியவில்லை, எழுந்து வந்து பார்த்து எழுதுகிறான், கண் பார்க்கச் சொல்லுங்கள். சாக்பீஸ் பெட்டி காலி. ஜன்னல் கொக்கி நாங்கள் வரும்போதே உடைந்துதான் இருந்தது. இதை எழுதச் சொன்னது பிள்ளைகள்.”